பிரிவு ஏழு

வெள்ளி பின்நேரம் ஐந்து மணி,
உவர்மலைச் சந்தி பேக்கரி வாசலில் கைமாற்றம்.
பத்து நிமிஷம் பிந்தினால் குறுஞ்செய்தி.
இன்ஹேலர் பையின் முன்னறையில்.
பொங்கல் எனக்கு, தீபாவளி உனக்கு,
பிறந்தநாளை மத்தியானத்தோடு வெட்டினோம்.
சட்டத்தரணியின் மின்விசிறி தாளைத் தூக்கத் தூக்க
நீ ஒரு மூலையும் நான் ஒரு மூலையுமாய்
அமத்திப் பிடித்திருந்தோம்
அவர் வாசித்து முடிக்கும்வரை.

இன்று
மூதூர் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏற
அபிசனா
ஆடிக்கொண்டிருந்த பல்லை
நாக்கால் தள்ளி விழுத்திவிட்டாள்.
உள்ளங்கையில் கொஞ்சம் இரத்தம், ஒரு அரிசி.
"அப்பா, இது ஆரின்ர வீட்டுக்கு?"

கீழே தண்ணீர்.
பிரிவுகளை மனதுக்குள் புரட்டினேன்.
ஏழிலும் இல்லை.

டிக்கெட்டில் சுற்றி
இன்ஹேலருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
சின்னப் பொட்டலம்.
கவனமாய்ப் பிரி.