வந்த காரணம்

செப்டம்பரில் நாற்பது நாற்காலி போட்டேன்.
வந்தவர்கள் மூன்று பேர்.
அதிலும் ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர்.

மாவட்டக் கல்வி அலுவலகம்
வழவழப்புத் தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தது:
பெற்றோர் பங்கேற்பே பள்ளியின் பலம்.
பிற்பகல் மூன்றரை மணிக்கு வரவும்.

மூன்றரைக்கு இந்த ஊரில் யார் சும்மா இருக்கிறார்கள்?
மிக்தாலியா விமான நிலைய ஓட்டலில்
பதினாறாவது படுக்கையை உதறிக்கொண்டிருப்பாள்.
அப்துல்வலி கல்லாவை விட்டு நகர முடியாது.
அவன் நகர்ந்தால் சிகரெட் பெட்டியும் நகர்ந்துவிடும்.

நான் இந்தப் பள்ளியின் துப்புரவாளன்.
பஃபலோ நகரத்தின் மேற்குப் பக்கம், பத்தொன்பது வருஷம்.
எத்தனை கல்விக் கொள்கைகள் வந்து போயின என்பதை
மடிக்காமல் மிஞ்சிய நாற்காலிகளை வைத்துத் தெரிந்துகொண்டவன்.

அக்டோபரில் லவோன் டிப்ஸ் வந்தாள்,
குடும்பத் தொடர்பாளர் என்று கழுத்தில் ஓர் அட்டையோடு.
கொடுத்த மேஜையில் ஒரு நாளும் உட்காரவில்லை.
ஞாயிறு காலைகளில் மூலைச் சலவைக்கடைக்குப் போனாள்.
துணி உலரும் நாற்பது நிமிடம்
யாரும் எங்கேயும் ஓட முடியாது என்று
கண்டுபிடித்திருந்தாள்.

கேள்வித்தாள் எதையும் நீட்டவில்லை.
யாரோ விரித்த போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள்.
முனையோடு முனை சேர இருவரும் நெருங்கி வந்தபோது
நாவ் ஏமூ,
வாயே திறக்க மாட்டாள் என்று
ஆசிரியர்கள் கோப்பில் எழுதிவைத்திருந்த கரென் பெண்,
சொன்னாளாம்:
"நான் பள்ளிக்கு வந்தேன். நாலு தடவை."

வாசலில் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் சுவர் கேட்கும்:
வந்த காரணம்?
அவளிடம் காரணம் இருந்தது.
ஆங்கிலத்தில் இல்லை.
கேமராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.
கொஞ்சம் நின்றிருக்கிறாள்.

அந்தத் தடங்களை எனக்குத் தெரியும்.
பனியில் வந்து, நின்று, திரும்பிய சின்னத் தடங்கள்.
தபால்காரன் என்று நினைத்து
உப்பைத் தூவிப் பெருக்கிவிட்டேன்.

லவோன் மேலே எழுதினாள்.
மேலிருந்து ஒன்பது மொழிகளில் ஒரு ஒட்டுத்தாள் வந்தது.
"பொத்தானை அழுத்தவும்."

அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள்.
"சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்கள் இங்கேதானே இருப்பீர்கள்?
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நில்லுங்கள்."
என் பணிப் பட்டியலில் அது கிடையாது.
கடைசி வரி "இதர பணிகள்" என்றிருந்தது.
அதில் சேர்த்துக்கொண்டோம்.

பிப்ரவரியில் அறுபத்திரண்டு பேர்.
மாவட்டத்திலிருந்து வந்து படம் பிடித்தார்கள்.
சம்பூசாவையும் பன்றி வறுவலையும்
தனித்தனி மேஜையில் வைக்க நான் ஓடியதைப் பிடிக்கவில்லை.

பிறகு அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.
ஏழாம் வகுப்புக்கு ஏன் பேருந்து இல்லை?
ஏரிக்காற்றில் ஒன்றரை மைல், பதினொரு வயது, ஏன்?

வாரியக் கூட்டத்துக்கு வாருங்கள் என்றார்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

அப்துல்வலி கடையைச் சாத்திவிட்டு வந்தான்.
மிக்தாலியா சீருடையிலேயே வந்தாள்.
"என் மகன் விடிவதற்குள்" என்பதோடு
சிவப்பு விளக்கு எரிந்தது.
ஒலிவாங்கி செத்தது.
அடுத்து எழுந்தவள் தன் பெயரைச் சொன்னாள்,
"விடிவதற்குள் பாலத்தைக் கடக்கும்போது" என்று தொடர்ந்தாள்.
விளக்கு. அடுத்தவன். விளக்கு.
அந்த ஒரே வாக்கியம்
ஸ்பானியத்தில் நுழைந்து, அரபியில் ஏறி,
கடைசியில் நாவ் ஏமூவின் கைக்கு வந்தது.
அவள் அதை முடித்தாள்.
எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
முடிந்தது மட்டும் புரிந்தது.

வாரியத்தார் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
பங்கேற்பைக் கேட்டவர்கள்தான்.
அது பேசும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.

பேருந்து இன்னும் வரவில்லை.
பரிசீலனையில் இருக்கிறதாம்.

இன்று எழுபது நாற்காலி வேண்டும்.
இருப்பது அறுபத்தெட்டு.
பொத்தான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
கதவிடுக்கில் ஒரு மரத்துண்டு செருகியிருக்கிறேன்.
அது விதிமீறல்.
எழுதிக்கொள்ளுங்கள்.