உப்புக் கணக்கு

நாளைக்கு நாற்பது சீட்டில் எழுதுகிறேன்:
உப்பைக் குறைக்கவும். அப்பளம் கூடாது.
கருவாடு கூடவே கூடாது.
ஊறுகாய் என்றதும் முகம் வாடுகிறவர்களிடம்
கொஞ்சம் கடுமையாகவே.

கோரிமேட்டில் பஸ் பிடித்து
முத்தியால்பேட்டை வந்ததும்
புடவைகூட மாற்றாமல்
வெறும் வாணலியில்
ஒரு பிடி சென்னாக்கூனி.
மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்காக
ஜன்னலைச் சாத்தி
ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணியும்.
பூஜையறையில் வலை காயப்போட்ட மாதிரி
ஒரு வாசனை.
அந்தம்மா ஒருநாளும் கேட்டதில்லை.
அதுதான் பயம்.

சின்ன வெங்காயம், கிள்ளிய மிளகாய்,
காலையில் தண்ணீர் ஊற்றிவைத்த சோறு.
சட்டியோடு, நின்றபடியே.
தட்டு போட்டால் கணக்கில் வந்துவிடும்.

போன ஞாயிறு மார்க்கெட்டில்
படி என்ன விலை என்று குனிந்தபோது
பக்கத்தில் பாகூர் சிங்காரவடிவேலு.
பிரஷர் நூற்றியெழுபது.
பாறைக் கருவாடு ஒன்றை
மூக்கருகே வைத்துக் கண்மூடியிருந்தார்.
திறந்தார்.
"நாய்க்கு, மேடம்."
"எனக்கும்... பூனைக்கு."
லூர்துமேரி எங்கள் இருவர் பையிலும்
ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள்.

வியாழக்கிழமை வந்தார்.
கால் வீக்கம் அப்படியே இருந்தது.
"கருவாடு?"
"விட்டாச்சு, மேடம்."
விட்டுவிட்டார் என்று எழுதினேன்.
நேற்றைய வாசனை விரலில் இருந்ததோ என்னவோ,
சீட்டை மேஜைமேல் வைத்துத்தான் தள்ளினேன்.

கதவுவரை போய்த் திரும்பினார்.
"பூனை சௌக்கியமா?"

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.