பதினேழாம் எலி

பொரளையில், மூன்றாம் மாடியில்,
குளிரூட்டி பழுதான அறையில்
காலை ஏழரைக்கு
இருபத்துநான்கு எலிகளுக்கு ஊட்டுவது என் வேலை.
பாதிக்குக் கறுவாப்பட்டை வடித்த சாறு.
பாதிக்கு நிறம் கலந்த நீர்.
மணம் காட்டிக்கொடுக்காமலிருக்க
இரண்டிலும் ஒரு துளி வனிலா.
எது எதற்கென்று எனக்குத் தெரியாது;
ரிஸ்மியின் மேசை இழுப்பறையில்
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது அது.

குடலின் சுவரில், கலாநிதி ருவினி சொல்வார்,
கோடிக்கணக்கில் நரம்புகள்.
அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்
கறுவாவைத் தின்று, எதையோ சமைத்து
மூளைக்குச் சேதி அனுப்பும்
என்று நான் எழுதியதைச்
சிவப்புப் பேனையால்
‘அனுப்பலாம்’ ஆக்கினார்.

எனக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை.
வயிற்றில் புளியைக் கரைத்தது என்று
வீட்டில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்.
திம்பிரிகஸ்யாயச் சந்தியில்
மணல்மூட்டைகளுக்கு இடையே
அடையாள அட்டையை நீட்டிய காலத்தில்
எல்லாம் முதலில் அறிந்தது அதுதான்.
இப்போது அங்கே
பழச்சாறு விற்கிறான் ஒருவன்.
பஸ் வேகம் குறைக்கும்போது
தலை மணிக்கூட்டைப் பார்க்கிறது;
குடல் இன்னும்
பையைத் திறந்து காட்டுகிறது.

சிலுவை வடிவில் ஓர் உயரப் பலகை.
இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை.
பயந்த எலி சுவரோரம் ஒட்டும்.
பதினேழு மட்டும்
திறந்த கையின் நுனிவரை போய்க்
கீழே எட்டிப் பார்த்து
அங்கேயே இருந்து முகம் கழுவியது.
நேரம் குறிக்க மறந்துபோனேன்.
அன்றே வெள்ளவத்தைச் சந்தையில்
கால் கிலோ கறுவா வாங்கினேன்.
மூன்று வாரம் பிளேன்ரீக்குள் போட்டுக் குடித்து,
பஸ்ஸில் வயிற்றைக் கையால் பிடித்தபடி
குறிப்புப் புத்தகத்தில் புள்ளியிட்டேன்.

வெள்ளிக்கிழமை உறை கிழிந்தது.
சாறு குடித்தவை கொஞ்சம் துணிச்சல்தான்,
சராசரியில், சின்ன வித்தியாசம்.
பதினேழு குடித்தது நீர்.
வனிலா மணத்த நீர்.
சிலது பிறவியிலேயே அப்படி, என்று சிரித்தார் ருவினி.
ரிஸ்மி அதன் வாலைத் தூக்கி
மை அழிந்திருக்கிறதா என்று பார்த்தான்.
அழியவில்லை.

திங்கள் காலை கூட்டைத் திறந்து
உள்ளங்கையில் எடுத்து வைத்தேன்.
சூடான சின்ன வயிறு
என் ரேகைமேல்
வேகமாக, மிக வேகமாக அடித்துக்கொண்டது.

நாளை குடல் ஒரு குப்பியில், மூளை ஒரு குப்பியில்.
இரண்டு லேபலிலும்
ஒரே இலக்கத்தை எழுதி
காயும்வரை ஊதினேன்.