அரைச் சட்டி

நவ்பர் காக்கா கொண்டு வந்தது புத்தம் புதுச் சட்டி.
"பாதியா அறுத்துத் தா" என்றார்.
விலைச்சீட்டு இன்னும் உரிக்கவில்லை.
கை கூசியது.

அக்கரைப்பற்றில் என் பட்டறைக்கு
உழவு மெஷின் தகடு வரும், தோணி எஞ்சின் வரும்.
நல்லதை அறுக்கச் சொல்லி எவரும் வந்ததில்லை.

கிரைண்டர் தொட்டதும் கீச்சென்றது,
நடுவில் பொதுக்கென்று இளகிற்று,
மறுபடி கீச்சு.
காதுக்குத் தெரிந்துவிட்டது: உள்ளே அலுமினியம்.
அராவித் துடைத்தேன்.
இரண்டு உருக்குக் கோட்டுக்கு நடுவே தடித்த சாம்பல்,
விளிம்பு வரைக்கும்.

"அதுதான் சூட்டைப் பரத்துறது.
சனம் கண்ணால கண்டாத்தான் வாங்கும்."
ஒரு பாதி அவர் கடைக் கண்ணாடிக்குள்,
மற்றது கூலியோடு எனக்கு.

"இதில என்னத்த ஆக்குற, பாதி ஆணமா?"
ஜெசீமா சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது.
மறுகா வெட்டுவாயை விரலால் தடவி
தன் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்:
நெருப்பு நிற்கும் இடத்தில் மட்டும் கறுத்த வட்டம்.
பால் அடிப்பிடிப்பதும் அங்கேதான்.

நாலு தவணையில் முழுச் சட்டி வந்தது.
சிறு நெருப்பிலும் ஓரம் வரைக்கும் கொதிக்கிறது.
காஸ் ஆறு நாள் கூட நின்றதாம்,
கலண்டரில் குறித்திருக்கிறாள்.

அரைச் சட்டி கோழிக்குத் தவிடு அள்ளுகிறது.
வெயிலில் மறந்து கிடந்தால் மட்டும்
எங்கே தொட்டாலும்
ஒரே மாதிரிச் சுடும்.