ஒப்புதல் இல்லை

வாரத்தில் ஆறு நாள்
சாட்ஸ்வர்த் கடைத்தொகுதியில்
ஒன்பதாம் எண் கல்லாவில் நான்.
ஏழாம் நாள் சபையின் பின்வாசலில்.
அதே மாதிரி அட்டை மெஷின், அதே பீப்,
சம்பளம் மட்டும் இல்லை.

சபைக் கட்டடம் முன்பு ஃபர்னிச்சர் கடை.
மேடை நிற்கும் இடத்தில்தான் அம்மா
அலமாரி ஒன்றை லே-பை போட்டு
பதினோரு மாதம் கட்டினாள்.
விலைப்பலகை தொங்கிய கொக்கிகளை
யாரும் பிடுங்கவில்லை.
இப்போது வசனங்கள் தொங்குகின்றன அவற்றில்,
வாரம் ஒன்று, எழுத்து பெரிது.

பாஸ்டர் கிளேட்டன் பெருமாள் கெட்டவர் அல்ல.
தம்பி வெஸ்ட்வில் சிறையில் இருந்தபோது
மாதாமாதம் எங்களை ஏற்றிக்கொண்டு போனவர்.
அதற்குப் பிறகுதான் ஜோஹன்னஸ்பர்க் மாநாடு.
திரும்பி வந்ததும்
சபையார் என்ற சொல் விருந்தினர் ஆயிற்று.
காபிக்கடை வந்தது. புகை மெஷின் வந்தது.
தமிழ் ஆராதனை காலை ஏழுக்குத் தள்ளப்பட்டு
பிறகு, கடையில் நாங்கள் சொல்வதுபோல,
வரத்து நின்றது.

நானும் யோக்கியம் இல்லை.
பெரிய வெள்ளியைவிட பிளாக் ஃப்ரைடேக்குக் கூட்டம் சேர்ந்தபோது,
இன்றிரவு விதைத்தால் இரட்டிப்பு என்று
அவர் குரல் கொடுத்தபோது,
சரியான இடத்தில் அல்லேலூயா போட்டவள்.
விசுவாச அட்டையில் பத்து முத்திரை சேர்த்து
இலவசக் காபி குடித்திருக்கிறேன்.
நல்ல காபி.

போன ஞாயிறு வரிசையில் வயலட் குழந்தைவேலு.
துணி ஆலை மூடியதிலிருந்து
சமோசா பொரித்து விற்பவள்.
முந்நூறு ராண்ட், என்றாள்,
மகளுக்கு வியாழக்கிழமை ஸ்கேன்.
அட்டையை வைத்தேன். மெஷின் யோசித்தது.
ஒப்புதல் இல்லை.
இருநூறு. ஒப்புதல் இல்லை.
ஐம்பது.
பின்னால் வரிசை இருமியது.

கல்லாவில் இதற்கென்று ஒரு பொய் பழகி வைத்திருக்கிறேன்:
லைன் சரியில்லை, மெஷின் கோளாறு.
ஆண்டவர் வீட்டிலும் அதையே சொன்னேன்.
அவள் என் முகத்தை
பில் வாசிப்பவள்போல்
கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.
"அந்தச் சீட்டைக் குடு."
மடித்தாள். திரும்ப மடித்தாள்.
பழக்கத்தில் விரல்கள் முக்கோணம் செய்துவிட்டன,
ஓரம் பிரியாமல்.
காணிக்கைப் பைக்குள் போட்டுவிட்டு
மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.
மேடை விளக்கு ஊதாவுக்கு மாறியது.

எண்ணும் அறையில் பொருளாளர்
பிரித்துப் பார்த்தார், குப்பையில் போட்டார்.
சரிதானே.
நான் எடுத்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அவள் மடித்த மாதிரியே மடிக்கப் பார்த்தேன்,
வரவில்லை.

திங்கள் மாலை அவள் என் வரிசைக்கே வந்தாள்.
மாவு, உருளைக்கிழங்கு, பால், ஐந்து லிட்டர் எண்ணெய்.
திரையில் ஏறிய தொகையைப் பார்த்து
எண்ணெயை ஒதுக்கி வைத்தாள்.
எண்ணெய் இல்லாமல் எதில் பொரிப்பாள்
என்று நான் கேட்கவில்லை.
மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்;
சாவியைத் திருப்பினார்;
கணக்கிலிருந்து எண்ணெய் இறங்கியது.

கடைக்கு அந்தச் சாவி இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை மெஷினை
நாலு பக்கமும் தடவிப் பார்த்திருக்கிறேன்,
துவாரம்கூட இல்லை.

"லைன் இன்னைக்கு நல்லாருக்கா?" என்றாள் வயலட்.
சிரிக்கவில்லை.
இருக்கு, என்றேன்.
ரப்பர் பட்டையில் அடுத்தவரின் சாமான்
நகர்ந்து வந்துகொண்டிருந்தது.