நான்காவது ஜோடி

வெள்ளிக்கிழமை காலை நாலரை. ஜுபைலில்
சூரியனுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும்.
எட்டு மணிக்கு மேல் கண்ணில் பந்து விழாது,
வியர்வைதான் விழும்.
கேம்ப் பஸ்ஸின் பின்சீட்டில் சுருட்டிக் கிடக்கிறது மேட்,
சிமெண்ட் பிட்ச்சில் விரித்து
நாலு மூலைக்கும் கல் வைப்போம்.

சாரம் கட்டுவது எங்கள் கம்பெனிக்குத் தொழில்.
போன வருடம் அரையிறுதியில்
பைப்லைன் கம்பெனிக்காரர்களுக்குப் பதினோரு பை ரன் கொடுத்தோம்.
பதினோரு பை.
தோற்றது நான்கு ரன்னில்.
ஃபாஸில் சார் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்:
"நல்ல கீப்பர் ஒருத்தனைப் பிடி, விசா நான் பார்க்கிறேன்."

கீப்பர் இல்லாமலா இருக்கிறோம்?
சியால்கோட் இம்தியாஸ். முழங்கால் தேய்ந்தவன், ஆனால்
லெக் சைடில் பறப்பதை
ஈயை அமுக்குவதுபோல் அமுக்குவான்.
குருநாகல் நுவன். பொன்னான கை.
நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன்,
மூன்றாவது ஓவரில் குந்தியபடியே தூங்கிவிடுவான்.
அப்புறம் நான்.
அந்தப் பதினோரு பையில்
ஏழு என் காலிடுக்கில் போனவை.

டைம்கீப்பர் என்பதால் போனை என்னிடமே கொடுத்தார்கள்,
என் இடத்துக்கு நானே ஆள் தேட.

சாயர்புரத்துப் பையன், ஜெபசிங்.
யாரோ எடுத்த வீடியோ, நாற்பது விநாடி.
ஸ்டம்பை ஒட்டி உட்கார்ந்து ஸ்பின்னருக்கு மூன்று ஸ்டம்பிங்.
மூன்றாவதில்
பெயில் விழுந்த பிறகுதான் நமக்கே தெரிகிறது
பேட்ஸ்மேன் காலைத் தூக்கியிருந்தான் என்பது.
பதினேழு தடவை பார்த்தேன்,
ஒரு குறையாவது அகப்படாதா என்று.

"ஆயிரத்து இருநூறு ரியால். ரூம், சாப்பாடு.
விசாவுல சாரம் ஹெல்பர்னு இருக்கும், பயப்படாத.
கிளவுஸ் போட்டா நீதான் முதல்."
இதே வரியை நுவனிடம் சொன்னதும் நான்தான்.
எனக்குச் சொன்னவர்
இப்போது தம்மாமில் பக்காலா வைத்திருக்கிறார்.

பையன் அவசரப்படவில்லை.
ருவைஸிலிருந்து கூப்பிட்டார்களாம்,
சொஹாரில் ஒரு கம்பெனியும்.
"அண்ணே, ஒங்க டீம்ல கீப்பர் எத்தன பேரு?"
ஏசி மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.
"மூணு."
"ஆடுறது?"
"ஸ்டம்புக்குப் பின்னால ஒரு எடந்தான டே."
"அப்ப மத்த ரெண்டு பேரு என்ன செய்றாங்க?"

என்ன செய்கிறோம்?
ஸ்கோர் எழுதுகிறோம். தண்ணீர் சுமக்கிறோம்.
இம்தியாஸின் முழங்காலையே பார்த்தபடி இருக்கிறோம்,
பாவி மனசு,
இன்றைக்காவது மடங்காமல் போகுமா என்று.
ஆட்டம் முடிந்ததும் அதற்கு ஐஸ் வைத்துக் கட்டுவதும்
நாங்கள்தான்.

"மேட்ச் இல்லாத ஆறு நாளு
எவ்வளவு உசரத்துல வேல?"
எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன்,
எல்லோரும் பேட் யார் வாங்கித் தருவார்கள் என்று கேட்டவர்கள்.
"அறுபது மீட்டர் வரைக்கும் போவும்."
"பெல்ட்டுக்கு ஒரு கொக்கியா, ரெண்டா?"
"ரெண்டு."
"ரெண்டையும் மாட்டுவாங்களா?"
பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.
"அவசரத்துல மாட்ட மாட்டாங்க," என்றேன்.
யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டான்.
அது செவ்வாய்.

இன்றைக்கு இம்தியாஸ் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்,
கால் நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.
நுவன் பின்சீட்டில், மேட் கிடந்த இடத்தில், குறட்டை.
கிளவுஸ் எனக்கு வந்தது.
உள்ளே போன வாரத்து ஈரம்,
யாருடையது என்று தெரியாது.

குந்துகிறேன். பைப்லைன்காரன் கார்டு எடுக்கிறான்.
பவுண்டரிக்கு வெளியே, ஸ்கோர் நோட்டுக்குப் பக்கத்தில்,
என் போன் அடிக்கிறது.
ஃபாஸில் சார் எட்டிப் பார்த்துக் கத்துகிறார்:
"ஊர் நம்பர்! எடுக்கவா?"

கையை அசைத்தேன்.
எடு என்றா, வேண்டாம் என்றா,
கிளவுஸுக்குள் விரல் தெரியாதே.
பௌலர் ஓடி வருகிறான்.