கோபுரத்தின் அடியில் செம்பு

திவால் நீதிமன்றம் அனுப்பிய ஆள் நான்.
நெப்ராஸ்காவில், சோளக்காட்டு நடுவே
ஒரு வானொலி நிலையத்துக்கு விலை போட வந்தேன்.

நானூற்றுப் பதினோரு நிலையங்களைக்
கடனில் வாங்கிக் குவித்த கம்பெனி.
வட்டி குட்டி போட்டு
அசலையே மிதித்துவிட்டது.
இது என் பட்டியலில் நூற்றெழுபத்தாறாவது.

உள்ளே ஒரே ஒருத்தி, ஆர்டிஸ் வோஸ்ட்ரில்.
விளம்பரம் பிடிப்பவள். இப்போது
சாவி, தபால், எலிப்பொறி எல்லாம் அவள் பொறுப்பு.
முப்பது விநாடி எட்டு டாலர் என்றாள்.
விதைக்கடைக்கு ஆறு.

ஆலங்கட்டி தகரக் கூரையை மொத்திக்கொண்டிருக்க
ஒலிபெருக்கியில் ஒரு குரல்
"என்ன அருமையான வெயில், நண்பர்களே!" என்றது.
டென்வரில் புதன்கிழமையே பேசி வைத்தது.
ஆர்டிஸ் ஒலியைக் குறைக்கவில்லை.
ஒழுகும் இடத்துக்கு வாளியை நகர்த்தினாள்.

எழுதினேன்.
ஒலிபரப்பி: பழைய இரும்பு.
உரிமம்: கேட்பாரில்லை.
கோபுரம்: இறக்கும் கூலி அதன் விலையைவிட அதிகம்.
அதன் அடியில், மண்ணுக்குள்,
சக்கரத்தின் ஆரக்கால்களாய் விரிந்து
நூற்றிருபது செம்புக் கம்பிகள்,
அறுபது ஆண்டாய் யார் கண்ணிலும் படாமல்.
கிலோ விலை பார்த்தேன்.
நிலையத்தின் ஒரு மாத வருமானத்தைவிடக்
கொஞ்சம் கூடவே வந்தது.
உழக்கு மிஞ்சியது.

வராக்கடனில் ஒரு பெயர்:
லுமிர் க்ராட்கி, தீவனக் கடை,
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
"பிப்ரவரியில் செத்துப்போனார்.
அறிவிப்பை நான்தான் வாசித்தேன்,
டென்வர் பயலுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை."
அதற்கு எவ்வளவு வாங்கினீர்கள்?
என்னை ஒருமாதிரி பார்த்தாள்.
"சாவுக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை."

சாயங்காலம் மழை விட்டது.
கோபுர உச்சியில் சிவப்பு விளக்கு
தானாய் எரியத் தொடங்கியது.
நிலையத்தை மூடினாலும் அதை அணைக்கக் கூடாது,
வயலுக்கு மருந்தடிக்கும் விமானங்கள் தாழப் பறக்கும்.
மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்றேன்.
கம்பெனி ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டதாம்.
பிறகு?
ஆர்டிஸ் வாளியைக் கவிழ்த்து
வாசலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் பதினெட்டு டாலர், நாலு மாதம்.
கடன் கொடுத்தோர் பட்டியலில்
ஒன்பது வங்கிகளுக்கும் கீழே எழுதினேன்:
எழுபத்திரண்டு, பிணையில்லாதது.
பெயரின் எழுத்துகளைக் கேட்டேன்.
ஒவ்வொன்றாய்,
காரில் கேட்டுக்கொண்டு போகிற யாருக்கோ சொல்வதுபோல
நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.